விளம்பரத்தில் 489, நான்குவழிச்சாலையில் 270: எந்த அளவு பேட்டரியை வாங்குவது?

கியா நிறுவனத்தின் இ.வி.6 கார் 2022-ல் இந்தியாவுக்கு வந்தது. 77.4 யூனிட் பேட்டரி. ஒரு முறை முழுதாக சார்ஜ் செய்தால் 708 கி.மீ. ஓடும் என்று இங்கே அறிவித்தார்கள். அதே அளவு பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட இ.வி.6-க்கு ஐரோப்பாவில் சொல்லப்பட்ட தூரம் 528 கி.மீ. அமெரிக்காவில் 310 மைல், அதாவது ஏறக்குறைய 499 கி.மீ. பிறகு 2025-ல் 84 யூனிட் பேட்டரியுடன் அந்தக் காரின் புதிய வடிவம் இந்தியாவில் வெளியானது. அதற்குச் சொல்லப்பட்ட தூரம் 663 கி.மீ. பேட்டரி பெரிதாகியிருக்கிறது, தூரமோ 45 கி.மீ. குறைந்திருக்கிறது. கார் மோசமாகிவிடவில்லை. முக்கியமாக மாறியது அளக்கும் முறைதான்.

மின்சார கார் வாங்க நினைக்கும் ஒரு குடும்பம் பதினைந்து, இருபது லட்சம் ரூபாயை எடுத்துவைக்கும்போது முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அது இருவகையில் கெடுதல் செய்கிறது. அதை அப்படியே நம்புகிறவர் சிறிய பேட்டரியே ஊருக்குப் போய்வரப் போதும் என்று வாங்கிவிட்டு, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் தவிக்கிறார். அதை அறவே நம்பாதவர் பயத்தில் தேவைக்கு இரண்டு மடங்கு பேட்டரிக்குப் பணத்தைக் கொட்டுகிறார். இரண்டும் வேண்டாம். எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை பேருடன் போகிறோம் என்று தெரிந்தால் நம் தூரத்தை நாமே கணக்கிட்டுவிடலாம்.

இந்தக் கட்டுரையில் பேட்டரியின் அளவை யூனிட் என்றே சொல்கிறேன். கார் நிறுவனங்கள் கிலோவாட் மணி என்று குறிப்பிடுவதும் வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் யூனிட்டும் ஒன்றேதான். 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி. ஒரு யூனிட்டில் எத்தனை கி.மீ. என்பதுதான் மின்சார காரின் உண்மையான மைலேஜ்.

சோதனைக் கூடத்தில் நடப்பது

இந்தியாவில் கார்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளில் முதன்மையானது புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கே கார் சாலையில் ஓடுவதில்லை. அறைக்குள் உருளைகளின் மேல் நிற்கும் காரின் சக்கரங்கள் மட்டும் சுழலும். எந்த வினாடியில் எந்த வேகம் என்பது முன்பே எழுதப்பட்ட அட்டவணை. எம்.ஐ.டி.சி. என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அதற்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதி நகரத்துக்குரியது: 780 வினாடிகள், அதிகபட்ச வேகம் 50 கி.மீ., சராசரி வேகம் ஏறக்குறைய 19 கி.மீ. இரண்டாம் பகுதி ஊருக்கு வெளியே ஓட்டுவதற்குரியது: 400 வினாடிகள், அதிகபட்சம் 90 கி.மீ. இரண்டையும் சேர்த்தாலும் மொத்தம் இருபது நிமிடம்கூட இல்லை. தூரம் பத்தரை கி.மீ.தான். சராசரி வேகம் 32 கி.மீ. விளம்பரத்தில் வரும் எண், இந்த 32 கி.மீ. சராசரியில் திரும்பத் திரும்ப ஓடி, ஏ.சி.யை அணைத்துவைத்துக்கொண்டு எட்டும் தூரம்.

இந்தியாவில் மின்சார கார்களுக்கு முன்பு அறிவிக்கப்பட்டு வந்த பெரிய எண்கள் முதல் பகுதியை மட்டும் வைத்து வந்தவை. இப்போது இரண்டு பகுதிகளையும் சேர்த்தே சொல்கிறார்கள். டாடா கர்வ் இ.வி.யின் 55 யூனிட் மாதிரிக்கு 2024-ல் விளம்பரத்தில் வந்த எண் 585 கி.மீ. இரண்டு பகுதிகளும் சேர்ந்தபோது அதுவே 502 ஆனது. இ.வி.6-க்கு நடந்ததும் இதேதான்.

ஐரோப்பா 2017 முதல் டபிள்யூ.எல்.டி.பி. என்ற முறைக்கு மாறிவிட்டது. அதில் சோதனை அரை மணி நேரம் நடக்கிறது, தூரம் 23 கி.மீ., அதிகபட்ச வேகம் 131 கி.மீ., சராசரி 46 கி.மீ. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ. இன்னும் ஒரு படி மேலே போகிறது. சோதனையில் கிடைத்த தூரத்தை பொதுவாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்து, அந்தச் சிறிய எண்ணைத்தான் காரின் கண்ணாடியில் ஒட்டச் சொல்கிறது. ஏ.சி., ஹீட்டர், வேகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நேர்மை அது. நம் ஊர் வாங்குபவருக்கும் அந்த நேர்மை கிடைக்க வேண்டும். காரின் விலை அட்டையில் நெடுஞ்சாலைத் தூரம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் எத்தனையோ குடும்பங்களின் முடிவு தெளிவாகும்.

பி.ஒய்.டி. அட்டோ 3 காரையும் பாருங்கள். 60.48 யூனிட் பேட்டரிக்கு இந்தியாவில் 521, ஐரோப்பாவில் 420. வெளிநாட்டில் விற்கும் காரை இங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதன் ஐரோப்பிய எண்ணைத் தேடிப் பார்த்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

மூன்று எண்களில் எதை எடுத்துக்கொள்வது

இன்று வாங்கப் போகிறவர் முன் மூன்று எண்கள் இருக்கின்றன. முதலாவது சான்றிதழ் எண். இரண்டாவது நிறுவனமே சொல்லும் நடைமுறைத் தூரம். மூன்றாவது நாமே போடும் கணக்கு.

சான்றிதழ் எண்ணுக்கு ஒரே ஒரு பயன்தான். ஒரே முறையில் சோதித்த இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். அப்போதும் இரண்டுமே இரண்டு பகுதிகளையும் சேர்த்துச் சொன்ன எண்கள்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஷோரூமில் விற்பனையாளர் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நிறுவனமே சொல்லும் நடைமுறைத் தூரத்தை நான் மதிக்கிறேன். டாடா நிறுவனம் சி75 என்ற பெயரில், தன் வாடிக்கையாளர்களில் 75 சதவீதத்தினருக்குக் கிடைக்கும் தூரம் என்று ஓர் எண்ணையும் வெளியிடுகிறது. கர்வ் 55 யூனிட் மாதிரிக்கு அது 400 முதல் 425 கி.மீ. வரை. நெக்ஸான் 45 யூனிட் மாதிரிக்கு விளம்பர எண் 489, சி75 எண் 350 முதல் 370 வரை. நெக்ஸான் 30 யூனிட் மாதிரிக்கு 210 முதல் 230 வரை. தன் பொருளைப் பற்றித் தானே குறைவான எண்ணைச் சொல்லும் துணிவை மற்ற நிறுவனங்களும் பழக வேண்டும். ஆனால் இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. இது நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த எண். மின்சார கார் நகரத்தில் அதிக தூரமும் நெடுஞ்சாலையில் குறைந்த தூரமும் தரும். பெட்ரோல் காருக்கு நேர் எதிர். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் என்பதும், மெதுவாகப் போகும்போது காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு என்பதும் காரணங்கள். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு சி75 எண் ஏறக்குறைய பொருந்தும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவருக்கு அது இன்னும் கால் பங்கு குறையும்.

அதனால் முடிவெடுக்க வேண்டியது மூன்றாவது எண்ணை வைத்துத்தான். அதைப் போடுவது கடினமில்லை.

சாலை என்ன செய்கிறது

நெக்ஸான், கிரெட்டா, விண்ட்சர் போன்ற உயரமான கார் ஒன்றில் நான்கு பேர், பெட்டிகள், ஏ.சி. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் போனால் ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 150 வாட் மணி செலவாகும் (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்). ஒரு யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. அதே காரை 100-ல் ஓட்டினால் 185 வாட் மணி வரை போகும். ஒரு யூனிட்டுக்கு ஐந்தரைக்கும் குறைவு. டயர் உராய்வுக்குச் செலவாகும் மின்சாரம் வேகத்தால் பெரிதாக மாறுவதில்லை. காற்றின் எதிர்ப்புதான் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்கும் விலையோ ஒன்றரை மடங்குக்கு மேல். காரின் கூரையில் சாமான் கட்டிவிட்டால் அது இன்னும் ஏறும்.

வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகாதா என்று கேட்பார்கள். மிச்சமாகும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 85-க்குப் பதில் 100-ல் ஓட்டினால் கணக்குப்படி 49 நிமிடம் குறையும். கூடுதலாகச் செலவாகும் மின்சாரம் பதினொரு யூனிட்டுக்கு மேல். நம் சாலையோரங்களில் இன்னும் நிறைய இருக்கும், மணிக்கு 30 யூனிட் தரக்கூடிய 30 கிலோவாட் சார்ஜரில் அதை ஏற்றிக்கொள்ள இருபத்தைந்து நிமிடம் ஆகும். மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போய்விடுகிறது. சார்ஜருக்கு முன்னால் வேறு ஒரு கார் நின்றால் மீதிப் பாதியும் போகும்.

ஏ.சி.யைப் பற்றி எல்லோரும் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். சித்திரை வெயிலில் சென்னையில் ஏ.சி. ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். நான்குவழிச்சாலையில் 80-ல் போகும்போது அது கி.மீ.க்கு 19 வாட் மணிதான். மொத்தச் செலவில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் கிண்டியிலோ கோயம்பேட்டிலோ 20 கி.மீ. சராசரியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதே ஏ.சி. கி.மீ.க்கு 75 வாட் மணி எடுத்துக்கொள்ளும். காரை நகர்த்தவே நூறுதான் ஆகும். ஏ.சி. நேரத்துக்குத் தின்கிறது, தூரத்துக்கு அல்ல. எனவே நீண்ட பயணத்தில் ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் புழுங்கவைக்க வேண்டியதே இல்லை. வேகத்தில் பத்து கி.மீ. குறைத்தால் ஏறக்குறைய அதே அளவு மிச்சமாகும்.

மலை ஏற்றத்தை மட்டும் தனியாகக் கணக்கிட வேண்டும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். நான்கு பேருடன் ஏறக்குறைய 1,750 கிலோ எடையுள்ள காரை 1,900 மீட்டர் தூக்க மட்டுமே ஒன்பது யூனிட் வேண்டும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் பத்து. குன்னூர் வழியாக ஐம்பது கி.மீ. உருள்வதற்கு இன்னொரு ஆறு யூனிட். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினால் மேட்டுப்பாளையம் வரை ஐந்தரை. ஆக, 85 கி.மீ. தூரத்துக்கு 21 அல்லது 22 யூனிட். 30 யூனிட் பேட்டரி முழுதாக இருந்தால் ஊட்டியில் கால் பங்குதான் மிஞ்சும். போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது திரையில் மீதித் தூரம் என்று காட்டும் எண் மளமளவென்று சரியும். அந்த எண் சமீபத்தில் ஓடிய கி.மீ.களை வைத்து ஊகிப்பது. அடுத்த முப்பது கி.மீ.யும் ஏற்றம்தான் என்று அது நினைத்துக்கொள்கிறது. அங்கே மிச்சமுள்ள சதவீதத்தைப் பாருங்கள், தூரத்தைப் பார்க்க வேண்டாம்.

இறக்கத்தில் அந்தப் பத்து யூனிட்டில் ஆறு வரை திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். ஊட்டியில் விடுதியில் இரவு முழுக்க நூறு சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், மோட்டார் திருப்பியனுப்பும் மின்சாரத்தை பேட்டரி வாங்கிக்கொள்ளாது. மின்சாரம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும், மோட்டாரின் பிடிமானம் குறைந்து பிரேக் மட்டுமே காரை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்புக்கும் நல்லது.

காற்றும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. 80-ல் போகும் காருக்கு எதிரே 30 கி.மீ. வேகக் காற்று வீசினால், காற்றைப் பொறுத்தவரை அந்தக் கார் 110-ல் போகிறது. எதிர்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. திரும்பும்போது அதில் ஒரு பகுதி ஆதாயமாகக் கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் இப்படித்தான்.

30, 45, 55, 79

இனி முடிவுக்கு வருவோம். மேலே சொன்னவற்றைச் சேர்த்து, நான்குவழிச்சாலையில் 80-க்கும் 90-க்கும் இடையே, ஏ.சி.யோடு, நான்கு பேருடன் போகும் காருக்கு ஒரு யூனிட்டுக்கு ஆறு கி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். 30 யூனிட் கார் 180, 45 யூனிட் கார் 270, 55 யூனிட் கார் 330. மஹிந்திராவின் பி.இ.6 போன்ற 79 யூனிட் கார் இரண்டு டன்னுக்கு நெருக்கமான எடை, அகலமான டயர்கள் ஆகியவற்றால் 450 என்று கொள்ளலாம். மஹிந்திரா சொல்லும் எண் 682.

இந்தத் தூரமும் முழுதாக நமக்குக் கிடைப்பதில்லை. பூஜ்யம் வரை யாரும் ஓட்ட மாட்டார்கள். 15 சதவீதம் மிச்சம் இருக்கும்போது சார்ஜரை அடைய வேண்டும். ஒரு சார்ஜர் பழுதாக இருந்தால் அடுத்ததுக்குப் போக அந்த மிச்சம் தேவை. எண்பது சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜரில் ஏறுவது மிக மெதுவாகிவிடும், அதனால் வழியில் எண்பதோடு கிளம்பிவிட வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் முதல் கட்டத்துக்கு 85 சதவீதம், அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் 65 சதவீதம்தான் கணக்கு.

30 யூனிட் காருக்கு இது முதலில் 153 கி.மீ., பிறகு ஒவ்வொரு முறையும் 117. சென்னையிலிருந்து திருச்சிக்கு 330 கி.மீ. என்றால் இரண்டு முறை நிறுத்த வேண்டும். மதுரைக்கு மூன்று முறை. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். அதைவிடப் பெரிய சிக்கல், நிற்க வேண்டிய இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது. விழுப்புரம் வரை போனதும் பேட்டரி நம்மை நிறுத்திவிடும். அந்தச் சார்ஜரில் வரிசை இருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த சார்ஜருக்கென்று ஒதுக்கும் முப்பது, நாற்பது கி.மீ. இந்தக் காரின் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. 79 யூனிட் காருக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சிறிய பேட்டரி வேகமாக நிரம்பிவிடும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் சிறிய பேட்டரி வாங்கிக்கொள்ளும் மின்சாரத்தின் வேகமும் குறைவு. எனவே முக்கால் மணி நேரம் நின்றாலும் கிடைக்கும் கி.மீ. குறைவுதான்.

இப்படிச் சொல்வதால் 30 யூனிட் கார் மோசமானது என்று பொருளில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது, மின்சார கார் அலுவலகம், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று நாளுக்கு 50, 60 கி.மீ. ஓடப்போகிறது என்றால், அதற்கு மேல் ஒரு யூனிட்கூட வாங்க வேண்டாம். வீட்டில் 15 ஆம்பியர் சாக்கெட்டிலேயே இரவில் நிரம்பிவிடும். சில ஆண்டுகளில் பேட்டரி பத்து, பதினைந்து சதவீதம் தேய்ந்தாலும் இந்தப் பயன்பாட்டில் அது உறைக்காது.

45 யூனிட் காருக்கு முதல் கட்டம் 230 கி.மீ., அடுத்தது 175. திருச்சிக்கு ஒரே நிறுத்தம், அதுவும் விழுப்புரத்திலா உளுந்தூர்பேட்டையிலா என்று நாமே முடிவு செய்யலாம். காலைச் சிற்றுண்டிக்கு எப்படியும் நிற்கும் இடம். பெங்களூருவுக்கும் அப்படியே. மதுரைக்கு இரண்டு. 2024 செப்டம்பரில் 45 யூனிட் நெக்ஸான் வந்தபோது அதன் தொடக்க ஷோரூம் விலை 13.99 லட்சம், 30 யூனிட் மாதிரி 12.49 லட்சத்தில் தொடங்கியது. ஒன்றரை லட்சம் ரூபாய் வித்தியாசத்தில் திருச்சிப் பயணத்தின் ஒரு நிறுத்தமும், எங்கே நிற்பது என்ற சுதந்திரமும் கிடைக்கிறது. ஒரே ஒரு கார் வைத்திருக்கும் குடும்பம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எம்.ஜி. விண்ட்சரின் 38 யூனிட் மாதிரி இதற்கும் 30-க்கும் நடுவில் நிற்கிறது. கணக்குப்படி திருச்சிக்கு ஒரே நிறுத்தம்தான், ஆனால் 342 கி.மீ.தான் எட்டும் என்பதால் மழையோ எதிர்க்காற்றோ வந்தால் இரண்டாகிவிடும்.

50-க்கும் 55-க்கும் இடைப்பட்டவைதான் தென்மாவட்டக்காரர்களுக்கு நான் சொல்வது. கர்வ் 55, விண்ட்சர் புரோவின் 52.9, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டா எலக்ட்ரிக்கின் 51.4. கிரெட்டாவுக்கு 2025 ஜனவரியில் சொன்ன எண் 473 கி.மீ. நம் கணக்கில் 308. முதல் கட்டம் 262, அடுத்தது 200. மதுரை 460-ஐ ஒரே நிறுத்தத்தில் மட்டுமட்டாகத் தொட்டுவிடும். கர்வ் 55-ல் 280-ம் 215-ம் சேர்ந்து 495, அதாவது கொஞ்சம் மூச்சுவிட இடமுண்டு. பெரம்பலூர் வரை ஒரே மூச்சில் போய், மதிய உணவுக்கு நின்று, மதுரைக்குப் போய்விடலாம். ஆண்டுக்கு நான்கைந்து முறை மதுரை, திண்டுக்கல் பக்கம் போகிற வீட்டுக்கு இதுவே சரியான அளவு. பேட்டரி தேய்மானத்தையும் மறக்க வேண்டாம். எட்டாவது ஆண்டில் 55 என்பது 48 போல நடந்துகொள்ளலாம். அப்போதும் அது இன்றைய 45-ஐவிட மேல். இன்றே 45-ஐ மட்டுமட்டாக வாங்கியவர் அப்போது இன்னொரு நிறுத்தத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

79 யூனிட்டைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான அந்தக் கார்கள் நல்ல கார்கள். அவற்றை வசதிக்காகவோ ஓட்டும் சுகத்துக்காகவோ வாங்கலாம். நிறுத்தமே இல்லாமல் போகலாம் என்ற எண்ணத்தில் வாங்கினால் ஏமாற்றம்தான். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு 500 கி.மீ. 79 யூனிட் காரின் முதல் கட்டம் 380 கி.மீ. அதிலும் ஒரு முறை நிற்க வேண்டும். 55 யூனிட்டில், 15 சதவீத மிச்சத்தில் சற்றே கைவைத்தால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. ஐந்நூறு கி.மீ. ஓட்டும் மனிதருக்கும் ஒருமுறையாவது சாப்பாடும் ஓய்வும் வேண்டும். பல லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது சார்ஜரிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் வசதியைத்தான். மாதத்துக்கு இரண்டு முறை இந்தச் சாலையில் தொழிலுக்காகப் போகிறவருக்கு அது பொருள் உள்ள செலவு. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் போகிறவருக்கு அந்தப் பணம் வேறு எதற்காவது உதவட்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்தமாகச் சார்ஜர் வைக்க முடியாதவர்களுக்கு இந்த வரிசை முழுவதும் மாறிவிடும். அவர்களுக்கு நெடுஞ்சாலைத் தூரம் இரண்டாம்பட்சம். நாளுக்கு 40 கி.மீ. என்றால் வாரத்துக்கு 280 கி.மீ. நகரத்தில் யூனிட்டுக்கு ஏழு கி.மீ. என்று கொண்டால், வாரத்துக்கு 40 யூனிட். 30 யூனிட் காரை வாரத்தில் இரண்டு முறை வெளியே கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும், 55 யூனிட் காரை ஒரே முறை. ஊருக்கே போகாதவராக இருந்தாலும், வீட்டில் சாக்கெட் இல்லாதவர் பெரிய பேட்டரியையே வாங்க வேண்டும். அதற்கும் முன்னால், குடியிருப்புச் சங்கத்திடம் தன் வாகன நிறுத்துமிடத்துக்கு ஒரு மின்இணைப்பு இழுக்க அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஓர் இணைப்பு பத்து யூனிட் பேட்டரியைவிடப் பயன் தரும், செலவும் மிகக் குறைவு.

முன்பணம் கொடுக்கும் முன்

சோதனை ஓட்டத்துக்கு ஷோரூமிலிருந்து பக்கத்துத் தெருவைச் சுற்றிவர மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்குவழிச்சாலைக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏ.சி. ஓடட்டும். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் பத்துப் பதினைந்து கி.மீ. போய், அதே சாலையில் அதே வேகத்தில் திரும்பி வாருங்கள். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் காற்றும் சரிவும் எண்ணைக் கெடுத்துவிடும். திரும்பி வந்ததும் திரையில் சராசரிச் செலவைப் பாருங்கள். சில கார்கள் கி.மீ.க்கு எத்தனை வாட் மணி என்று காட்டும், சில ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்று காட்டும். 160 வாட் மணி என்று வந்தால் ஆயிரத்தை 160-ஆல் வகுங்கள்: யூனிட்டுக்கு ஆறே கால் கி.மீ. அதை பேட்டரியின் அளவால் பெருக்கி, அதில் 85 சதவீதத்தை எடுத்து, நீங்கள் அடிக்கடி போகும் ஊரின் தூரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய மின்சார கார் வாங்குகிறவர்களும் இதையே செய்யலாம். கூடவே, எவ்வளவு சதவீதம் குறைந்ததற்கு எத்தனை யூனிட் செலவானது என்பதையும் பார்த்துக்கொண்டால், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். அதற்கு இருபது, முப்பது சதவீதமாவது இறங்கும் அளவுக்கு ஓட்ட வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.